எத்தனை அடி நடந்தார்?

பக்கவாதம் வந்தவருக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் அறையில் உண்மையில் எவ்வளவு நடை நடக்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏழு மறுவாழ்வு மையங்களில் கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஓரமாக நின்று இதை எண்ணினார்கள். 312 அமர்வுகளைப் பார்த்து அவர்கள் போட்ட கணக்கு 2009-ல் வெளியானது. நடை பழக்கிய அமர்வுகளில் நோயாளி வைத்த அடிகள் சராசரியாக 357. விலங்குகளை வைத்துச் செய்யும் நரம்பியல் சோதனைகளில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் அடிக்கு மேல் போவது வழக்கம். அடிபட்ட நரம்பு மண்டலம் பயிற்சியால் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையை அந்தச் சோதனைகளிலிருந்து எடுத்துக்கொண்ட மருத்துவம், அவற்றின் அளவை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டது.

நடை மறுவாழ்வுத் துறையின் சாதனை சிறியதல்ல. பக்கவாதம் என்றால் கட்டிலோடு கிடப்பதுதான் என்றிருந்த காலத்தை மாற்றியது அது. ஆனால் அதன் வளர்ச்சியைக் கவனித்துப் பார்த்தால் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எந்தக் கருவி, எந்த முறை, எத்தனை நாள் என்று எண்ணுகிறார்களே தவிர, நோயாளி எத்தனை அடி நடந்தார், எவ்வளவு சிரமப்பட்டு நடந்தார், வீட்டுக்குப் போன பிறகும் நடந்தாரா என்று எண்ணுவதில்லை. முதுமையையோ ஒரு சாக்காகப் பயன்படுத்துகிறார்கள், இல்லையென்றால் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

தானாக வருவதும் பயிற்சியால் வருவதும்

மூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, அந்தப் பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளின் கட்டளை நின்றுபோகிறது. முதலில் கால் துவண்டு கிடக்கும். பிறகு மெல்ல மெல்லத் தசை இறுகத் தொடங்கும். தொடையை முன்னால் கொண்டுவரும் வலு ஓரளவு திரும்பினாலும், பாதத்தை மேலே தூக்கும் வலு பெரும்பாலும் பின்தங்கிவிடும். முன்பாதம் தரையில் உரசும். அதைத் தவிர்க்க இடுப்பைத் தூக்கிக் காலை அரை வட்டமாக வீசி வைப்பார்கள். தெருவில் நடந்து போகிறவரைத் தூரத்திலிருந்து பார்த்தே ‘இவருக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கிறது’ என்று நாம் கண்டுகொள்வது இந்த வீச்சை வைத்துத்தான்.

இந்த மீட்சியில் பெரும்பங்கு தானாகவே நடக்கிறது. டென்மார்க்கில் 804 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த கோபன்ஹேகன் ஆய்வு 1995-ல் வெளியானது. முடிவில் பாதிப் பேர் துணையின்றி நடந்தார்கள். 11 சதவீதத்தினர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். 18 சதவீதத்தினருக்கு நடை வரவில்லை. மீதிப்பேர் இறந்துபோனார்கள். 95 சதவீதத்தினர் தங்களால் எட்ட முடிந்த நடையை முதல் 11 வாரங்களுக்குள் எட்டிவிட்டார்கள் என்பது இதில் முக்கியம். நெதர்லாந்தில் நடந்த வேறோர் ஆய்வு 2011-ல் இதைக் கூர்மையாக்கியது. வாதம் வந்த 72 மணி நேரத்துக்குள், கால் நடக்க வராத நிலையிலும், சாய்மானம் இல்லாமல் 30 நொடி உட்கார முடிந்து, காலில் ஓரளவு அசைவும் இருந்தால் ஆறு மாதத்தில் தனியாக நடப்பதற்கான வாய்ப்பு 98 சதவீதம். இரண்டுமே இல்லையென்றால் 27 சதவீதம்.

இந்தக் கணக்கு தெரியாததால்தான் நம் ஊரில் இத்தனை குழப்பம். முதல் மூன்று மாதத்தில் எதைச் செய்தாலும் அதற்குப் பலன் கிடைத்தாற்போலத் தோன்றும். எண்ணெய் தேய்த்தவர் எண்ணெய் என்பார். புறா ரத்தம் பூசியவர் அதைச் சொல்வார். ‘கரண்ட் வச்சாங்க, கால் வந்திருச்சு’ என்பார் இன்னொருவர். பல லட்ச ரூபாய் ரோபோவில் நடந்தவர் ரோபோவைக் கைகாட்டுவார். யாரும் பொய் சொல்லவில்லை; எல்லோருக்கும் கால் வந்தது உண்மைதான். அந்த வைத்தியம் இல்லாமலிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதை ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்தத் துறையை எடைபோட, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அவை சொல்வது கருவி விற்பவருக்கும் பிடிக்காது, கைவைத்தியருக்கும் பிடிக்காது.

பூனையிலிருந்து வந்த யோசனை

1911-ல் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற ஸ்காட்லாந்து உடலியலாளர், மூளையின் தொடர்பைத் துண்டித்த பூனையின் கால்களிலும் நடைபோன்ற மாறிமாறி வரும் அசைவு எழுவதைக் கண்டார். நடையின் தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது என்றாயிற்று. 1987-ல் மாண்ட்ரியலில் பார்போ, ரோசிஞோல் என்ற ஆய்வாளர்கள் தண்டுவடம் வெட்டப்பட்ட வளர்ந்த பூனைகளை ட்ரெட்மில்லில் வைத்துப் பழக்கி, பின்னங்கால்களால் எடை தாங்கி நடக்க வைத்தார்கள். அங்கிருந்து மனிதனுக்குத் தாவியது யோசனை. மேலே கட்டிய கச்சையில் நோயாளியைத் தொங்கவிட்டு, உடல் எடையில் ஒரு பகுதியைக் கச்சை தாங்க, ஓடும் பட்டையில் கால்களை நடக்கவைப்பது. 1990களில் பெர்லினிலும் மாண்ட்ரியலிலும் வந்த முதல் முடிவுகள் நம்பிக்கை தந்தன. பிறகு சுவிட்சர்லாந்திலிருந்து லோகோமேட் என்ற ரோபோ எந்திரம் வந்து, தெரபிஸ்டின் கை செய்த வேலையை மோட்டார் செய்யத் தொடங்கியது.

யோசனையின் வலு அதன் தர்க்கத்தில் இருந்தது. நிற்கவே முடியாதவரும் விழும் பயமின்றி நூற்றுக்கணக்கான அடிகள் வைக்கலாம். தெரபிஸ்டின் முதுகு ஒடியாது. நடையைக் கற்க நடக்க வேண்டும் என்ற அடிப்படையை இது மதித்தது. ஆனால் ஓர் ஓட்டை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தண்டுவடம் வெட்டப்பட்ட பூனைக்குத் தாளம் இருக்கிறது, மேலிருந்து கட்டளை இல்லை. பக்கவாத நோயாளிக்குத் தண்டுவடம் பத்திரமாக இருக்கிறது, பழுது மூளையில். மனித நடையில், குறிப்பாகப் பாதத்தைத் தூக்கும் நேரத்தில், மூளையின் நேரடிப் பங்கு பூனையைவிட அதிகம். கீழே தாளத்தைத் தட்டி எழுப்பினால் மட்டும் போதாது.

2011-ல் வெளியான லீப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 408 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு இரண்டாம் மாதத்திலிருந்தும் இன்னொரு பிரிவுக்கு ஆறாம் மாதத்திலிருந்தும் கச்சை கட்டிய ட்ரெட்மில் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு வீட்டுக்கே வந்து தெரபிஸ்ட் கொடுத்த வலு, சமநிலைப் பயிற்சிகள். எல்லோருக்கும் 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஓராண்டு முடிவில் மொத்தத்தில் 52 சதவீதத்தினரின் நடை ஒரு படி முன்னேறியிருந்தது. பிரிவுகளுக்கிடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கடும் பாதிப்புள்ளவர்களில் முதலிலேயே ட்ரெட்மில் ஏறியவர்கள் பலமுறை விழுந்தது அதிகம். விலையுயர்ந்த கச்சையும் பட்டையும் சாதித்ததை வீட்டுக் கூடத்தில் நடந்த பயிற்சியும் சாதித்தது.

ரோபோவின் கதை இன்னும் கடுமையானது. ஓரளவு நடக்கத் தெரிந்தவர்களை வைத்து ஹார்ன்பி குழு 2008-லும், வாதம் வந்து சில மாதங்களே ஆனவர்களை வைத்து ஹிட்லர் (Hidler) குழு 2009-லும் வெளியிட்ட ஆய்வுகளில், ரோபோவைவிட மனிதக் கை உதவிய பயிற்சியே நல்ல பலன் தந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. எந்திரம் ஒவ்வொரு அடியையும் பிசகின்றி வைக்கச் செய்கிறது. நோயாளி முயற்சி செய்யாவிட்டாலும் கால் நகர்கிறது. சைக்கிள் கற்கும் பிள்ளையின் பின்சீட்டைப் பிடித்தவர் கடைசிவரை கையை எடுக்காவிட்டால் பிள்ளை ஊரைச் சுற்றி வரலாம், ஓட்டக் கற்காது. நரம்பு மண்டலம் பிழையிலிருந்துதான் கற்கிறது. இரண்டு பட்டைகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் ட்ரெட்மில்லில் நோயாளியின் கோணலை வேண்டுமென்றே மிகைப்படுத்தி, பிறகு பட்டைகளைச் சமமாக்கினால், சிறிது நேரத்துக்கு அவர் நடை நேராவதை டார்சி ரீஸ்மன், ஏமி பாஸ்டியன் ஆகியோரின் சோதனைகள் காட்டின. திருத்தி விடுவதைவிடத் திருத்திக்கொள்ள வைப்பதே பாடம்.

அதற்காக ரோபோவை ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதும் நியாயமில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர், சுயமாக ஓரடிகூட வைக்க முடியாதவர் என்றால், வழக்கமான பயிற்சியோடு எந்திரத்தையும் சேர்ப்பது தனியாக நடப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. அவருக்கு அடி வைக்க வேறு வழியே இல்லை. எந்திரம் வழி தருகிறது. நடக்கத் தெரிந்தவருக்கு அதே எந்திரம் முயற்சியைக் குறைத்துவிடுகிறது. 2020-ல் அமெரிக்க நரம்பியல் பிசியோதெரபி வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாதம் வந்து ஆறு மாதம் தாண்டி நடக்கக்கூடியவர்களுக்குக் கச்சை ட்ரெட்மில்லும் ரோபோ நடையும் கொடுக்க வேண்டாம் என்றே எழுதினார்கள். ஆனால் இங்கே விளம்பரங்களில் ரோபோவில் நடப்பவர்களைப் பாருங்கள்: பெரும்பாலும் நடக்கத் தெரிந்தவர்கள். யாருக்கு உதவாதோ அவர்களிடம்தான் கருவி விற்கப்படுகிறது.

கைப்பக்குவமும் அதன் விலையும்

கருவிக்கு நேர் எதிரில் நிற்பது கைப்பக்குவம். நாஜிகளின் காலத்தில் லண்டனில் தஞ்சம் புகுந்த பெர்டா பொபாத்தும் அவர் கணவர் காரெல் பொபாத்தும் உருவாக்கிய முறை இன்றும் நம் பிசியோதெரபி கல்லூரிகளில் முக்கியப் பாடம். இறுகிய தசையைக் கையால் தளர்த்தி, தவறான அசைவைத் தடுத்து, சரியான அசைவை உடலுக்கு உணர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். வாதம் வந்த பக்கத்தை விட்டுவிட்டு நல்ல பக்கத்தை மட்டும் பழக்கிய காலத்தில், ‘அந்தப் பக்கமும் கற்கும்’ என்று அது சொன்னது பெரிய திருப்பம். தெரபிஸ்டை உற்றுப் பார்க்கப் பழக்கியதும் அதுதான். தோளைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் மூட்டு விலகும் என்று இன்று குடும்பத்தாரை எச்சரிக்கும் ஒவ்வொரு தெரபிஸ்டிடமும் அந்தப் பள்ளியின் பார்வை இருக்கிறது.

ஆனால் பழைய பொபாத் மரபில், கோணலாக நடந்தால் கோணல் நிலைத்துவிடும், அதனால் ‘சரியாக’ வரும்வரை நடக்க விடக்கூடாது என்ற எண்ணம் ஊறிப்போனது. மாதக்கணக்கில் பாயில் உருண்டு, உட்கார்ந்து, எடையை இடம்மாற்றிப் பழகியவர்கள் நடக்கவே தொடங்காமல் இருந்தார்கள். 96 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ன் காக்ரேன் ஆய்வு, எந்த ஒரு முறையும் மற்றதைவிட உயர்ந்ததல்ல, செய்யும் அளவுதான் முக்கியம் என்ற திசையில் போனது. அரை வட்டமாக வீசி நடந்தாலும் ஒருவர் கடைக்குப் போய் வருகிறார் என்றால், அந்த அழகில்லாத நடை மதிப்புள்ளது. முழங்கால் பின்னோக்கி வளைந்து வலியெடுத்தாலோ விழவைத்தாலோதான் கோணல் சிகிச்சைக்கு உரியது. கண்ணுக்கு உறுத்துவதால் மட்டும் அல்ல.

நம் ஊரில் வீட்டுக்கு வரும் ஒரு மணி நேர பிசியோவைக் கிட்டத்தில் பார்த்தால் இந்த மரபின் கடைசி எச்சம் தெரியும். முதலில் தசைக்குக் கரண்ட் வைப்பது. அது ஓடும்போது பிசியோவின் கைபேசியும் ஓடும். அடுத்து கட்டிலில் படுக்கவைத்து அவரே நோயாளியின் கைகால்களைத் தூக்கி மடக்குவது. நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கையில் ஒரு மஞ்சள் பந்து. விரல்கள் ஏற்கெனவே உள்நோக்கி இறுகியிருக்கின்றன, விரிக்கத்தான் வரவில்லை. ஆனாலும் பந்தை அழுத்துவதே பயிற்சி. கடைசிப் பத்து நிமிடம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் மூன்று சுற்று. அந்த வீட்டில் ‘தினமும் ஒரு மணி நேரம் எக்சர்சைஸ் நடக்கிறது’ என்று சொல்வார்கள். நேரம் நடந்தது. நோயாளி நடந்தது நூறு அடி இருக்கலாம். எல்லா பிசியோதெரபிஸ்டுகளும் இப்படி இல்லை. ஆனால் பணம் கொடுக்கும் குடும்பம் படுத்திருப்பவருக்கு எதையாவது ‘செய்வதைத்தான்’ சிகிச்சை என்று நினைக்கிறது. வியர்க்க வியர்க்க நடக்கவைப்பவரை ‘முரட்டுத்தனமாகச் செய்கிறார்’ என்று மாற்றிவிடுகிறது. இந்தக் குறையில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

அதிகம் என்பதற்கும் எல்லை உண்டு

அப்படியானால் முதல் நாளிலிருந்தே எழுப்பி நடக்கவைத்தால் என்ன? அதையும் சோதித்துவிட்டார்கள். அவெர்ட் என்ற ஆய்வு ஐந்து நாடுகளில், மலேசியாவும் சிங்கப்பூரும் அவற்றில் அடக்கம், 56 மருத்துவமனைகளில் 2104 பேரை வைத்து நடந்தது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி, அதிக நேரம் நடமாட வைத்தவர்களில் மூன்றாம் மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 சதவீதம். 2015-ல் வந்த இந்த முடிவு, உற்சாகம் மட்டும் மருத்துவமாகாது என்று காட்டியது. அதே ஆய்வின் தரவை மறுபடி அலசியபோது, நீண்ட அமர்வுகளைவிடக் குறுகிய அமர்வுகளைப் பலமுறை கொடுப்பது நல்லது என்று தெரிந்தது. இது முதியவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கதை வேறு. மூச்சிரைக்கும் அளவுக்கு வேகமாக நடக்கும் பயிற்சி நடை வேகத்தையும் தூரத்தையும் கூட்டும் என்பதற்கு இன்று நல்ல சான்று இருக்கிறது. மேலே சொன்ன 2020 வழிகாட்டுதலின் முதல் பரிந்துரை அதுவே. ஆனால் இதிலும் குறைகள் உள்ளன. இந்த ஆய்வுகளில் சேர்க்கப்படுபவர்கள் இதய நோய்க்காகச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நம் வெளிநோயாளர் வரிசையில் நிற்பவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டித் தேய்மானம் மூன்றும் இருக்கும். நாடித் துடிப்பை வைத்துச் சிரமத்தை அளக்கலாம் என்றால், ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரின் நாடி எவ்வளவு நடந்தாலும் முழுதாக ஏறாது. அவருக்கு மூச்சும் பேச்சும்தான் அளவுகோல்: பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்த வேண்டும். இதைக் கற்றுத்தர ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலான டிஸ்சார்ஜ் சீட்டுகளில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

முதுமை என்ற இரண்டாவது நோயாளி

பக்கவாதம் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே மூப்படைந்த நரம்பு மண்டலத்துக்கு. அறுபதுக்குப் பிறகு தண்டுவடத்திலிருந்து தசையை இயக்கும் நரம்பணுக்கள் குறைகின்றன. அநாதையான தசை இழைகளை மீந்திருக்கும் அணுக்கள் தத்தெடுத்துக்கொள்கின்றன. அதனால் வலு ஓரளவு தங்கும், நுணுக்கம் போய்விடும். நரம்பில் செய்தி ஓடும் வேகம் குறையும். கால் கட்டைவிரலின் அதிர்வுணர்ச்சி மங்கும். உள்காதின் சமநிலை உறுப்பில் அணுக்கள் குறையும். மூளையின் வெண்பகுதியில் ஸ்கேனில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் கூடும். தன்னிச்சையாக நடந்த நடைக்கு இனி நெற்றிப் பக்கத்து மூளையின் கவனமும் தேவைப்படும்.

இதை ஸ்வீடனில் லுண்டின்-ஓல்சன் என்ற ஆய்வாளர் எந்தக் கருவியும் இல்லாமல் காட்டினார். முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். 1997-ல் வந்த இந்தச் சிறிய ஆய்வு, நடை கால்களின் வேலை மட்டுமல்ல என்பதற்கு இன்றும் நல்ல சான்று. நடந்துகொண்டே ‘என்ன தாத்தா, சாப்பிட்டீங்களா?’ என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லும் முதியவரிடம் பக்கவாதம் வந்து சேர்ந்தால், அவர் மிச்சம் வைத்திருந்த கவனத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இதோடு சர்க்கரை நோயும் சேருகிறது. பல ஆண்டு சர்க்கரையால் இரண்டு பாதமும் மரத்திருக்கும். அதன்மேல் ஒரு பக்கம் வாதம். ரப்பர் செருப்பு போட்டு நடக்கும்போது, வாதம் வந்த காலின் செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்கும். அவர் தெருமுனை வரை போய்விடுவார். தெரியாது. காலில் கல் குத்தியதும் தெரியாது. இரவு படுக்கும்போது மனைவி புண்ணைப் பார்ப்பார். நடக்கச் சொல்லும் மருத்துவர் இவருக்குப் பின்பட்டி வைத்த எம்சிஆர் (மென்ரப்பர்) செருப்பையும் எழுதித்தராவிட்டால், நடையே காலை இழக்கவைக்கும் வழியாகிவிடலாம். பாதம் தொங்காமல் இருக்கக் கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் ஷூவுக்குள் போடுவதற்காகச் செய்யப்பட்டது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் வழக்கத்தில் அது வழவழப்பான டைல்ஸில் வழுக்கும். மாட்டிக்கொண்டு சாமியறைக்குள் போக மனம் வராது. இரண்டு வாரத்தில் அது பீரோவுக்கு மேலே போய்ச் சேரும். பிறகு ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பு எழுதப்படும்.

வயதைச் சொல்லிக் கைவிடுவதும் நடக்கிறது. ‘எழுபத்தஞ்சு வயசுல இனி என்ன பழக்கிறது?’ என்ற கேள்வி மருத்துவர்களிடமிருந்தும் வருகிறது. முதிய மூளை மெதுவாகக் கற்கும், கற்காமல் போகாது. உண்மையான சிக்கல் வேறு: அதற்கு இளையவரைவிட அதிக முறை திரும்பச் செய்ய வேண்டும், ஆனால் அவர் இதயமும் முட்டியும் குறைவாகவே செய்ய விடும். இந்த முரணைத் தீர்க்கும் வழி அளவைக் குறைப்பதல்ல, பிரிப்பது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க முடியாதவர் ஐந்து நிமிடமாக ஆறு முறை நடக்கலாம். அவெர்ட் தரவு முதல் நாட்களுக்குச் சொன்னதை முதுமை எல்லா நாட்களுக்கும் சொல்கிறது. பேச்சுக் கொடுப்பதிலும் இதே நிதானம் வேண்டும். முதல் வாரங்களில் நடப்பவரோடு பேசாமல் இருக்கலாம். நடை நிலைத்த பிறகு வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்து, கையில் தட்டைக் கொடுத்து நடக்கப் பழக்க வேண்டும். தெரு அப்படித்தான் இருக்கும்.

வீடுதான் தேர்வு

நடையின் வேகத்தை வைத்து ஜாக்குலின் பெரி என்ற ஆய்வாளர் 1995-ல் ஒரு கணக்கு சொன்னார். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே நடப்பவர் வீட்டுக்குள்தான் நடமாட முடியும். 0.8-ஐத் தாண்டியவர் வெளியிலும் சுதந்திரமாகப் போகலாம். 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 0.4 வேகத்தில் 30 நொடி ஆகும். சிக்னல் இருந்தாலும் பேருந்து ஓட்டுநர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். பிரிட்டனில் 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பியவர்களில் 73 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். வாதம் வந்த பக்கத்து எலும்பு மெலிந்திருப்பதால் அந்தப் பக்கம் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் ஆபத்தும் அதிகம். ஆகவே பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ‘விழுந்திடுவே, உக்காரு’ என்ற பாசமே வீட்டில் அடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

குடும்பத்தாரைப் பழக்கிவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளோடு நடந்த அட்டெண்ட் ஆய்வு, குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வைத் தொடரச் செய்தது. 2017-ல் வந்த முடிவில், ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் இரு பிரிவிலும் 47 சதவீதம். குடும்பத்தின் அன்பை வைத்து இந்தியா செலவில்லாமல் சமாளித்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது அடி. ஏற்கெனவே சோறூட்டி, குளிப்பாட்டி, வேலைக்கும் போகும் மகளிடமோ மருமகளிடமோ தெரபிஸ்டின் வேலையையும் ஏற்றிவைத்தால் கிடைப்பது இன்னொரு கடமை மட்டுமே. குடும்பம் துணை, பயிற்சி பெற்றவருக்கு மாற்று அல்ல.

அந்தப் பயிற்சி பெற்றவர் வீட்டுக்கு வர வழி உண்டா? 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. மருத்துவமனைக்கு ஆட்டோ வைத்துப் போக முடியாத கிராமத்து முதியவருக்கு அது பெரிய உதவி. அதன் பலவீனமும் அதன் பரப்பில்தான் இருக்கிறது. ஒரு வட்டாரத்தையே சுற்றிவரும் பிசியோ ஒரு வீட்டில் செலவிடும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் கைகாலை மடக்கிவிட்டுப் போனால் பயனில்லை. அடுத்த முறை வரும்வரை தினம் எத்தனை முறை, எங்கிருந்து எங்கே நடக்க வேண்டும் என்று எழுதிவைத்து, நிலைப்படியிலும் கழிப்பறை வாசலிலும் கைப்பிடி வைக்கச் சொல்லி, ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது வாதக் காலும் முதலில் என்று படியிலேயே நிறுத்திப் பழக்கிவிட்டுப் போனால் அந்த வருகை முப்பது நாளுக்கு வேலை செய்யும்.

தினமும் நடக்க வேண்டிய அளவைக் குறித்துக் கொடுப்பதன் பலனுக்கு அண்மைய சான்றும் இருக்கிறது. வேகமாக நடக்கவைக்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களால் அதிக தூரம் நடக்க முடிந்தது. ஆனால் அன்றாடம் அவர்கள் வைத்த அடிகள் கூடவில்லை. இடுப்பிலோ காலிலோ அடி எண்ணும் கருவி கட்டி, வாராவாரம் இலக்கு பேசி, தடையைக் கேட்டறிந்த பிரிவுகளில்தான் அன்றாட அடிகள் கூடின. ரீஸ்மன் குழுவின் இந்த ஆய்வு சொல்வது எளிது: முடிவதும் செய்வதும் வேறு வேறு. மறுவாழ்வு மையங்கள் இதுவரை முதலாவதை மட்டும் அளந்து வந்திருக்கின்றன.

இன்னும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். ‘நடக்கவைத்துவிடுவோம்’ என்ற வாக்குறுதி எல்லோருக்கும் பொருந்தாது. கோபன்ஹேகன் கணக்கின் அந்த 18 சதவீதம் எந்த ஊரிலும் உண்டு. அவர்களை ஆண்டுக்கணக்கில் இணைக் கம்பிகளுக்கிடையே நிறுத்தி, நிலத்தை விற்றுப் பணம் கட்டவைப்பது கொடுமை. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவைசிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையத்தை 1966-ல் உருவாக்கினார். நடை திரும்பாத வாழ்க்கையும் முழு வாழ்க்கையாக இருக்க முடியும் என்பதற்கு இத்துறையின் முன்னோடியே சாட்சி. சக்கர நாற்காலியைத் தோல்வியாகக் காட்டும் மறுவாழ்வு தன் பெயருக்கே நியாயம் செய்யவில்லை.

மொத்தத்தில், நடை மறுவாழ்வு நிற்கும் அடிப்படை உறுதியானது: நரம்பு மண்டலம் வயதான பிறகும் கற்கிறது, நடையைக் கற்க நடக்கத்தான் வேண்டும். தவறு அதன் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கருவியின் விலையும் அமர்வுகளின் எண்ணிக்கையும் அதில் ஏறுகின்றன. அடிகளும் விழுந்த தடவைகளும் ஏறுவதில்லை. பிசியோவிடம் குடும்பம் நான்கு கேள்வி கேட்கலாம். இன்று எத்தனை அடி நடந்தார்? பத்து மீட்டருக்கு எத்தனை நொடி ஆனது, போன மாதம் எத்தனை ஆனது? எத்தனை முறை விழுந்தார், எங்கே? நீங்கள் வராத நாளில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இந்த நான்குக்கும் பதில் வைத்திருப்பவர் பழைய வாக்கரோடு வந்தாலும் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாதவர் ரோபோவோடு வந்தாலும் அவருக்குக் கொடுக்கும் பணம் நடைக்கான பணமல்ல.